தவறணையிலிருந்து கிளினிக் வரை

1912இல் ஆங்கிலேய அரசு புதிய மதுவரிச் சட்டத்தோடு கள்ளுத் தவறணைகளைப் பெருக்கப் பார்த்தபோது, இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் வீறுகொண்டது. 1915 கலவரத்தின்போது அதன் தலைவர்கள் பலர் சிறைக்கும் போனார்கள். அந்தப் போராட்டத்தில் தவறணைதான் எதிரி. குடிப்பவரின் வருத்தத்தைப் பற்றிய கதை குறைவு.

1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை உருவானது. சிகிச்சை நிலையங்களையும் அது நடத்துகிறது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைப்பொருளுக்கு அடிமையானவர் தானாக வந்தாலும் நீதவான் அனுப்பினாலும் சிகிச்சைக்கு வழிவைத்தது. ஆனாலும் எங்கட ஊர்களில் இண்டைக்கும் முதலில் கேட்பது "பிடிச்சு உள்ள போடுங்கோ" எண்ட குரல்தான்.

அரச வைத்தியசாலை மனநலக் கிளினிக்கில் குடிக்கும் போதைக்கும் காசில்லாமல் சிகிச்சை கேட்கலாம். எங்க போறதெண்டு தெரியாட்டி, தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழைக்கலாம். நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரெண்டு நிப்பாட்டினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அதனால் அறையில் பூட்டிவைப்பதும் கோயிலில் சத்தியம் வாங்குவதும் ஆபத்தில் முடியலாம்.

நூறு வருசத்துக்கு மேலாகத் தவறணையோடு சண்டை பிடிச்ச சமூகம் நாங்கள். குடிக்கிற அண்ணாவோட கிளினிக் வரிசையில் நிற்கவும் பழகவேணும்.