தமிழ்நாட்டுச் சிறைகளின் வகைகள்

தமிழ்நாட்டில் மத்திய சிறை, மாவட்டச் சிறை, கிளைச் சிறை, மகளிர் தனிச்சிறை, பார்ஸ்டல் பள்ளி, திறந்தவெளிச் சிறை எனப் பல வகைச் சிறைகள் உள்ளன. அரசியலமைப்பின் 7-ஆம் அட்டவணை சிறையை மாநிலப் பட்டியலில் வைத்திருப்பதால், இவற்றை மாநில அரசின் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை நடத்துகிறது. இந்த வகைகளை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து வகுக்கவில்லை. யாரை யாரோடு சேர்த்து அடைக்கக் கூடாது என்ற கேள்வி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பட்டியலில் ஒரு வகை கூடியிருக்கிறது.

தண்டனைக் காலத்தை வைத்துப் பிரித்ததில் பிறந்தது மத்திய சிறை. 1836-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அமைத்த சிறை ஒழுங்குக் குழுவில் மெக்காலேயும் உறுப்பினர். 1838-இல் அக்குழு தந்த அறிக்கை, ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர்களுக்குத் தனியே மத்திய சிறைகள் வேண்டும் என்றது. கைதிகளை வெளியே கொண்டுபோய்ச் சாலை போட வைப்பதை நிறுத்தி, மதிலுக்குள்ளேயே சலிப்பூட்டும் கடும் வேலை தரவேண்டும் என்றும் சொன்னது. கல்வி, நன்னெறி போதனை ஆகியவற்றில் குழுவுக்கு நம்பிக்கை இல்லை. அந்தச் சலிப்பூட்டும் வேலை எப்படிப்பட்டது என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1908 ஜூலையில் கோவைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட வ.உ.சிதம்பரம் பிள்ளை அங்கே இழுத்த செக்கு நினைவுச் சின்னமாகிவிட்டது. 1910 இறுதியில் அவரைக் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். கண்ணூர், ராஜமுந்திரி ஆகியவையும் அப்போது சென்னை மாகாணச் சிறைகளே. மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது சிறைகளும் பங்கு பிரிந்தன.

இன்று தமிழ்நாட்டில் 9 மத்திய சிறைகள் இருக்கின்றன: புழல் 1, புழல் 2, வேலூர், கடலூர், திருச்சிராப்பள்ளி, சேலம், கோயம்புத்தூர், மதுரை, பாளையங்கோட்டை. சென்னையில் 1837-இல் கட்டப்பட்ட பழைய மத்திய சிறையில்தான் சுபாஷ் சந்திர போஸ் முதல் அண்ணா வரை பலர் அடைக்கப்பட்டிருந்தனர். 1999-இல் கலவரமும் துப்பாக்கிச் சூடும் கண்ட அந்தச் சிறை 2006-இல் மூடப்பட்டு, 2009-இல் இடிக்கப்பட்டது. அந்த இடம் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று. கைதிகள் மாற்றப்பட்ட புழல் வளாகத்தில் தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒரு சிறை, பெண்களுக்கு ஒரு சிறை என மூன்று உண்டு. ஊரார் மூன்றையும் ‘புழல்’ என்று ஒரே பெயரால்தான் சொல்வார்கள்.

புழலில் செங்கல்லில் கட்டிய இந்தப் பிரிவினை 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. ஆண்களிடமிருந்து பெண்களை, முதிர்ந்தவர்களிடமிருந்து 21 வயதுக்கு உட்பட்டவர்களை, தண்டனைக் கைதிகளிடமிருந்து விசாரணைக் கைதிகளை, குற்றவியல் கைதிகளிடமிருந்து உரிமையியல் கைதிகளைப் பிரித்து வைக்க அச்சட்டம் ஆணையிடுகிறது. பின்னால் வந்த வகைகளில் பெரும்பாலானவற்றின் விதை இந்த ஒரே பிரிவில் இருக்கிறது.

இளைஞர்களுக்கான பார்ஸ்டல் பள்ளி என்ற பெயர், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் இம்முறை தொடங்கிய பார்ஸ்டல் என்னும் சிற்றூரிலிருந்து வந்தது. 1919-20-இல் இந்தியச் சிறைக் குழுவுக்குத் தலைமை வகித்த அலெக்சாண்டர் கார்டியூ சென்னை மாகாண நிர்வாகத்தில் இருந்தவர். சிறையின் நோக்கம் தண்டிப்பதோடு நிற்காது, திருத்துவதும்தான் என்று அந்தக் குழு சொன்னது; மெக்காலே காலத்துக் குழுவிலிருந்து இது நேர் எதிர்த்திசை. சென்னை மாகாணத்தின் பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம் 1926-இல் நடைமுறைக்கு வந்தது. பாளையங்கோட்டைச் சிறை 1929 முதல் சுமார் 40 ஆண்டுகள் பார்ஸ்டல் பள்ளியாக இருந்து, 1968-இல் மத்திய சிறையானது. பிறகு சிறார் நீதிச் சட்டங்கள் 18 வயதுக்கு உட்பட்டோரைச் சிறைத் துறையின் கையிலிருந்தே எடுத்துவிட்டன. எனவே பார்ஸ்டல் பள்ளிக்கு மிஞ்சியது 18 முதல் 21 வரையிலான சிறு இடைவெளி.

மகளிர் தனிச்சிறைகள் புழல், வேலூர், திருச்சிராப்பள்ளி, கோவை, மதுரை ஆகிய இடங்களில் உள்ளன. தாயோடு குழந்தை 6 வயது வரை உள்ளே இருக்கலாம்.

கிளைச் சிறையை மக்கள் ‘சப்-ஜெயில்’ என்பார்கள். தாலுகா அலுவலக வளாகத்தின் ஒரு மூலையில், நாலைந்து அறைகளும் ஒரு கிணறுமாக இருந்த இவை நீண்ட காலம் வருவாய்த் துறையின் பொறுப்பில் இருந்து, பிறகே சிறைத் துறைக்கு வந்தன. வரலாற்றில் இவற்றுக்குப் புகழ் இல்லை. ஆனால் ‘கம்பி எண்ணுவது’ எப்படி இருக்கும் என்று சாதாரணத் தமிழர்களில் பலர் தெரிந்துகொண்ட இடம் இதுதான். விசாரணைக் கைதியின் முதல் இரவு பெரும்பாலும் இங்கே கழியும். ‘களி தின்ன வைப்பேன்’ என்ற மிரட்டலும் அந்தக் காலச் சிறைச் சாப்பாட்டிலிருந்து பிறந்ததே.

தனிக் கட்டடம் இல்லாமல், ஒரே மதிலுக்குள் நடந்த பிரிவினையும் உண்டு. விடுதலைப் போராட்டக் கைதி ஜதீந்திர நாத் தாஸ் 1929-இல் சிறையில் உண்ணாவிரதம் இருந்து இறந்ததை அடுத்து, 1930-இல் ஏ, பி, சி என்ற வகுப்புகள் வந்தன. கல்வியும் வாழ்ந்த வசதியும் பார்த்து வகுப்பு கொடுத்தார்கள். கட்டில், உணவு, புத்தகம் எல்லாம் அதைப் பொறுத்தே. குடியரசான பிறகும் இந்தச் சிக்கல் தீரவில்லை. அரசியல் கைதிகளாக நடத்தக் கோரிப் போராடிவந்த கம்யூனிஸ்ட் கைதிகளில் 22 பேர் 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏ வகுப்பு என்ற சொல்லோ 1983-ஆம் ஆண்டுச் சிறை விதிகள் வரை வந்து இன்றும் நிற்கிறது.

திறந்தவெளிச் சிறை இந்தப் பட்டியலில் தனித்து நிற்பது. கோவை சிங்காநல்லூர், சேலம், சிவகங்கை மாவட்டத்துப் புரசடை உடைப்பு ஆகிய இடங்களில் இவை உள்ளன. பல ஆண்டுகள் நன்னடத்தையோடு கழித்த கைதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். மற்றச் சிறைகள் ஆபத்தைப் பார்த்துப் பிரிக்க, இது நம்பிக்கையைப் பார்த்துப் பிரிக்கிறது. வேலை பெரும்பாலும் விவசாயம்.

எந்த வகைப் பட்டியலிலும் எழுதப்படாத ஒரு பிரிவினையும் இருந்தது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதி வாரியாகத் தனித்தனித் தொகுதிகளில் அடைத்துவந்தனர். மோதலைத் தவிர்க்கவே இப்படிச் செய்கிறோம் என்ற அரசின் விளக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று, நாடெங்கும் சிறை விதிகளில் உள்ள சாதிப் பாகுபாடு குறித்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தை நிராகரித்தது. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் வேலை, அதற்குச் சாதியைக் கருவியாக்கக் கூடாது என்றது. கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதிக்கான கட்டத்தை நீக்கவும், 3 மாதங்களுக்குள் சிறை விதிகளைத் திருத்தவும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.