சோழமண்டலக் கடற்கரையில் அலைச்சறுக்கு

அலைச்சறுக்கு என்பது, கரையை நோக்கி வந்து உடையும் கடலலையின் முகப்பில் பலகை ஒன்றின்மீது நின்று சறுக்கி வரும் நீர் விளையாட்டாகும். சர்ஃபிங் என்ற பெயரே பேச்சில் மிகுதி. பசிபிக் பெருங்கடலில் ஹவாய், தாகித்தி போன்ற தீவுகளின் மக்களிடம் இது தொன்றுதொட்டு இருந்து வந்தது. 1912, 1920 ஒலிம்பிக் போட்டிகளில் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய் வீரர் டியூக் கஹானமோக்கு இதை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரப்பினார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று இதற்குப் பெயர்பெற்ற ஊர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவளமும் மாமல்லபுரமும் ஆகும்.

அலை உடையும் விதம்

கரைக்கு வரும் பெரிய அலைகள் பல, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் காற்றால் எழுபவை. ஆழமான நீரில் அவை உடைவதில்லை. நீரின் ஆழம் அலை உயரத்தின் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது, அலையின் அடிப்பகுதி தடைபட்டு மேற்பகுதி முன்னே கவிழ்கிறது. ஆகவே அலை எங்கே, எப்படி உடையும் என்பதைக் கடலடித் தரையே முடிவு செய்கிறது. மணல்திட்டில் உடைவது ஒருவகை. மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் நீருக்கடியிலான பாறைப் பரப்பில் உடைவது இன்னொரு வகை. கடலுக்குள் நீண்ட முனையைச் சுற்றி வரிசையாக உடைவது மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையில்தான் சறுக்குபவருக்கு நீண்ட ஓட்டம் கிடைக்கும்.

பாக் நீரிணைப் பகுதியில் அலை மிகக் குறைவு. தெற்கிலிருந்து வரும் அலைகளை இலங்கைத் தீவு மறைத்துவிடுவதே காரணம். அதே இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவில் அருகேயுள்ள அறுகம் குடா உலகறிந்த அலைச்சறுக்கு இடமாகும். அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பருவம். தமிழ்நாட்டின் தென்கோடியில் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு முனையிலும் நல்ல அலை உண்டு. சென்னைக்குத் தெற்கே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமே ஏற்றது. வாடை வீசும் வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், புயலும் வரும்.

மசூலாப் படகும் கட்டுமரமும்

இந்த அலைகள் முன்பு வணிகத்துக்குப் பெருந்தடையாக இருந்தன. 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் குடியேறியபோது அங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. பயணிகளையும் சரக்கையும் மசூலாப் படகுகள் கரை சேர்த்தன. ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் இவை. அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுத்ததால் உடையாமல் தப்பின. கவிழ்ந்தவர்களைக் காப்பாற்றக் கட்டுமரக்காரர்கள் உடன் சென்றனர். கடிதங்களை நனையாமல் கூம்புத் தொப்பிக்குள் வைத்துக் கப்பலுக்குக் கொண்டு சென்றவர்களும் அவர்களே. கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆயிற்று.

அலையைக் கணித்து அதன் முதுகில் ஏறிக் கரை சேரும் கலை இங்கே பல தலைமுறைகளாக இருந்தது. ஆனால் அது விளையாட்டன்று, உயிரைப் பணயம் வைத்த தொழில்.

துறைமுகமும் மணலும்

1870களில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கின. 1881இல் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கிறது. சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பகுதியில் கடல் கரையை அரித்தது. புதுச்சேரியிலும் 1980களில் கட்டிய துறைமுகத்துக்குப் பின் நகரின் மணற்கரை மறைந்தது. அதை மீட்க 2018இல் நீருக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்று அமைக்கப்பட்டது.

கோவளமும் மாமல்லபுரமும்

கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டில் ஒரு கோட்டை இருந்தது. 1752இல் ராபர்ட் கிளைவ் அதைக் கைப்பற்றினார். (கேரளத்துக் கோவளம் வேறு.) இந்தியாவில் அலைச்சறுக்கு 2000களில் மங்களூரு அருகேயுள்ள முல்கியில் அமைப்பாக வளரத் தொடங்கியது. இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பு 2011இல் உருவானது. கோவளத்து மீனவரான மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசு முதலியோரின் துணையுடன் 2012இல் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மீனவ இளைஞர்கள் பயிற்சியாளர்களாகவும் உயிர்காப்பாளர்களாகவும் போட்டி வீரர்களாகவும் ஆயினர். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிச் சுற்றுப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியும் அங்கேயே நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, அப்போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியரானார்.

பார்க்கப் போகும் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உடைந்த அலைகளின் நீர் ஓரிடத்தில் திரண்டு கடலுக்குள் திரும்பும். அது ஆளை இழுத்துச் செல்லும். அதை எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவோம். கரைக்கு இணையாக நீந்தி, இழுவையைவிட்டு விலகிய பிறகே கரையை நோக்கித் திரும்ப வேண்டும்.

மணல் வரும் வழி

கடலோர ஊர்களின் இந்தக் கதையில் எங்கள் கலசப்பாக்கத்துக்கும் பங்குண்டு. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு எங்கள் ஊரைக் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலைச் சேர்கிறது. ஆறு கொண்டு சேர்க்கும் மணல் அங்கிருந்து வடக்கு நோக்கி, மாமல்லபுரம், கோவளம் பக்கமாக நகர்கிறது. அலை உடையும் திட்டுகளுக்கு ஆற்றுமணலும் வேண்டும்.

இன்று வெள்ளம் அரிதாகிவிட்டது. அணைகள் மணலைத் தேக்குகின்றன. ஆற்றுப்படுகையில் மணல் அள்ளப்படுகிறது. கடலுக்குப் போகும் மணல் குறைந்தால் கரை அரிக்கும். படகை ஏற்றி வைக்கவும் வலை காய வைக்கவும் மீனவருக்கு இடம் இருக்காது. கரையில் எத்தனை கற்சுவர் எழுப்பினாலும் அரிப்பு அடுத்த ஊருக்கு நகருமே தவிர நிற்காது. கடற்கரையைக் காக்கும் வேலை மலையடிவார ஆற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.