பேர் விழாத வயது: லிந்துலைத் தோட்டங்களில் முதுமை மறதி

இலங்கை மலையகத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று எல்லோருக்கும் உள்ள பெயர். மற்றது சம்பளப் பதிவேடான செக்ரோலில் விழும் ஒரு நாள் வேலை. முழுப்பேர், அரைப்பேர் என்று அதற்கு அளவும் உண்டு. பேர் விழுகிற வரைக்கும்தான் ஒருவரின் உடம்பு தோட்டத்தின் கவனத்தில் இருந்தது. லிந்துலைப் பக்கத்தில் முதுமை மறதி இன்றும் நோயாக எண்ணப்படாமல், 'வயசாயிருச்சு, புத்தி தடுமாறுது' என்ற பேச்சோடு முடிந்துபோகிறது. இதற்கு மக்களின் அறியாமையைக் காரணம் சொல்வது வழக்கம். அந்த விளக்கம் போதாது. தோட்டத்துச் சுகாதார ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே முதியவரைக் கணக்கில் எடுக்காமல் கட்டப்பட்டது. அந்தக் குறையைத் தொழிலாளர் குடியிருப்பான லயன் தன் வழியில் மறைத்து வைத்திருந்தது. லயன் ஆளற்றுப்போகும் இந்தக் காலத்தில்தான் குறை வெளியே தெரிகிறது.

1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடங்கலாம். கோப்பித் தோட்டங்களில் கூலியாட்கள் கொத்துக்கொத்தாக மடிந்த பிறகு வந்த சட்டம் அது. 1880இலும் 1912இலும் அது திருத்தி விரிக்கப்பட்டது. தோட்டத்து டிஸ்பென்சரிகளும் மாவட்ட வைத்தியசாலைகளும் இந்த வழியில் வளர்ந்தவையே. வேலைக்கு நிற்கும் உடம்பைக் காப்பது முதல் நோக்கம். பின்னர் வந்த பிரசவ ஏற்பாடும் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவும் நாளைக்கு வேலைக்கு நிற்கப்போகும் உடம்பைக் காத்தன. இரண்டுக்கும் அப்பால் போன உடம்புக்கு இதில் இடமில்லை. 1958இன் ஊழியர் சேமலாப நிதியும் 1983இன் பணிக்கொடைச் சட்டமும் முதுமைக்கு ஒரு தொகையைத் தந்தன. மாதாமாதம் வரும் ஓய்வூதியத்தைத் தரவில்லை. 1925இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் செடியின் மூப்பை எத்தனையோ ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. எந்த வயதில் கவ்வாத்து, எப்போது பிடுங்கி மறுநடுகை என்பதற்கெல்லாம் அங்கே கணக்கு உண்டு; ஆளின் மூப்புக்கு அப்படியொரு கணக்கு இல்லை.

அந்தக் காலத்தில் மறதி வருகிற வயது வரை உயிரோடு இருந்தவர்களே குறைவு, இல்லாத நோயை யார் கவனிப்பது என்று கேட்கலாம். கோப்பிக் காலத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தும். வேலை செய்ய முடியாதவர் ஊருக்கே திரும்பிப் போவதும் அன்று வழக்கம். மூப்பைச் சுமந்தது அவர்கள் வந்த திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமம். தேயிலை வந்து குடும்பங்கள் நிலைத்த பிறகு இந்த வழி அடைபட்டது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டின் சட்டப்படி விண்ணப்பித்தவர்கள், தாங்கள் இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றே இல்லாதவர்களிடம் அரசு தேதிகளை ஞாபகம் வைத்துச் சொல்லக் கேட்டது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதி 1,50,000 பேர் 1974இல் பாதிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் கூடலூருக்குப் போக, தம்பி இங்கேயே தங்கினான். கிழவி யாரோடு இருப்பது என்ற கேள்விக்கு எந்த ஒப்பந்தத்திலும் விடை இருக்கவில்லை.

விடை சொன்னது லயன்தான். ஒரே கூரை, வரிசையாக ஒரே மாதிரிக் கதவுகள். ஞாபகம் தப்பியவர் அடுத்த காம்பராவுக்குள் நுழைந்துவிடுவது அங்கே எளிது. அங்கே இருப்பவள் ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்துக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அவர் வீட்டில் விடுவதும் எளிது. மறதிநோயில் பெரும்பாலும் அண்மை நினைவு முதலில் போகும். நெடுநாள் பழக்கம் நீண்ட காலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகக் கூடையைத் தேடுகிறவரை வாசல் திண்ணையான இஸ்தோப்பிலேயே யாராவது மறித்து உட்கார வைத்துவிடுவார்கள். இதைக் கூட்டுக்குடும்பத்தின் பெருமை, தமிழ்ப் பண்பாடு என்று புகழ்கிறவர்கள் உண்டு. அன்பு இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அன்புக்கு வாய்ப்பளித்தது ஆட்களை ஒரே இடத்தில் அடைத்து வைத்த தொழில் முறை. இளையவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லாததால்தான் முதியவரைச் சுற்றி எப்போதும் ஆள் இருந்தது. பகலில் அவரைப் பார்த்துக்கொண்டதும் பெரும்பாலும் இன்னொரு கிழவியோ பள்ளிக்குப் போகாமல் நிறுத்தப்பட்ட ஒரு பெண் பிள்ளையோதான்.

நோயை அளக்கும் கோலிலும் இந்த வரலாறு ஒட்டியிருக்கிறது. 2003இல் வெளிவந்த றாகமை ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு மறதிநோய் இருப்பதைக் கண்டது. அது நகரை ஒட்டிய பகுதி; அந்த எண்ணைத் தூக்கி மலையில் வைக்க முடியாது. 1975இல் ஃபோல்ஸ்டீன் குழுவினர் வகுத்த, உலகெங்கும் புழங்கும் சோதனை 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்கிறது, ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறது, பின்னிய ஐங்கோணங்களை வரையச் சொல்கிறது. இவற்றுக்குப் பள்ளிப் பழக்கம் வேண்டும்; ஆனால் 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டத்தை எட்டவில்லை. தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியது 1970களில்தான். இன்று எழுபதைத் தாண்டியவர்களில் பென்சில் பிடித்தறியாத பெண்கள் பலர். ஐங்கோணத்தில் தவறும் அதே பெண், மூன்று வேளை நிறுத்த கொழுந்தின் கிலோவை மனதிலேயே கூட்டி, கணக்கப்பிள்ளையின் கணக்கில் அரைக் கிலோ குறைந்தால் சண்டைக்கு நின்றவள். அப்படியானால் எழுத்தறியாமையைத்தான் நோயென்று தவறாக எண்ணுகிறோமா? முழுக்க அப்படியும் இல்லை. இளவயதில் கல்வி குறைவது மறதிநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் காரணங்களில் ஒன்று என்று 2024இன் லான்செட் ஆணைய அறிக்கையும் சொல்கிறது. பள்ளி மறுக்கப்பட்டவருக்கு நோயின் ஆபத்தும் கூடியது, நோயைச் சரியாகக் கண்டறியும் வாய்ப்பும் குறைந்தது.

1998இல் உருவான 10/66 என்ற ஆய்வுக் குழு இந்தச் சிக்கலைக் கடக்க, சென்னையையும் வேலூரையும் உள்ளடக்கிய தன் ஆய்வுகளில் முதியவரைச் சோதிப்பதோடு நிற்கவில்லை. அவரை அன்றாடம் கவனிக்கும் ஒருவரையும் விசாரித்தது: வழக்கமான வேலையில் தடுமாறுகிறாரா, தெரிந்த வழியைத் தவறவிடுகிறாரா, நேற்றுச் சொன்னதை மறக்கிறாரா. தமிழில் நடத்திப் பார்த்த முறை என்பதால் லிந்துலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றே தோன்றும். ஆனால் மகன் கொழும்பில் கடையில், மகள் ஆடைத் தொழிற்சாலையிலோ வளைகுடா நாட்டிலோ. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பே பல காம்பராக்களில் மறக்கத் தொடங்கிய அந்தப் பாட்டியின் கையில்தான் இருக்கிறது. கேள்விகளோடு வருகிறவருக்குப் பதில் சொல்ல, பகல் பத்து மணிக்கு லயனில் அந்தப் பேரப்பிள்ளையைத் தவிர வேறு ஆள் இல்லை.