நீரிழிவு உணவுத் திட்டம்

நீரிழிவு உணவுத் திட்டம் என்பது, நீரிழிவு உள்ளவர் எதை, எவ்வளவு, எந்த வேளையில் உண்பது என்பதைத் தம் மருந்து, உடலுழைப்பு, உடல் எடை ஆகியவற்றுக்கு ஏற்ப வகுத்துக்கொள்ளும் முறையாகும். மாவுச்சத்து செரிக்கும்போது குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலப்பதால், அதன் அளவைக் கணக்கிடுவதே இத்திட்டத்தின் அடிப்படை. இக்கணக்கில் 15 கிராம் மாவுச்சத்து ஓர் அலகாகும். மூன்றில் ஒரு கப் சோறும் ஒரு துண்டு ரொட்டியும் தனித்தனியே ஏறத்தாழ ஓர் அலகுக்குச் சமம்.

எளிய வழி தட்டு முறை. ஏறத்தாழ 9 அங்குலத் தட்டில் பாதியைக் கீரை, அவரை, புடலை போன்ற காய்கறிகளும், கால் பங்கைப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் முதலிய புரத உணவுகளும், எஞ்சிய கால் பங்கைச் சோறு அல்லது சப்பாத்தியும் நிரப்ப வேண்டும்.

உணவு இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் தன்மையைக் காட்டும் அளவீடு கிளைசிமிக் குறியீடு ஆகும். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981இல் வெளியிட்ட இக்குறியீட்டில் குளுக்கோஸின் மதிப்பு 100. 55 வரை தாழ்ந்தது எனவும், 70உம் அதற்கு மேலும் உயர்ந்தது எனவும் கொள்ளப்படும். சமைக்கும் முறையும் இம்மதிப்பை மாற்றும் என்பதால், கேழ்வரகேயானாலும் நைய அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் விரைவில் செரித்துச் சர்க்கரையை உயர்த்திவிடும்.

இன்சுலின் செலுத்திக்கொள்வோர் வேளை உணவைத் தவிர்த்தால் தாழ்சர்க்கரை நேரலாம். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை உட்கொண்டு, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்புள்ளோர் புரத அளவை மருத்துவரிடம் கேட்டறிந்தே முடிவுசெய்தல் இன்றியமையாதது.