வாசிகசாலை மேசையும் கைப்பேசித் திரையும்

எமது சங்கத்தின் நூறாண்டு வரலாற்றை இம்மலருக்காகத் தொகுக்க முற்பட்டபோது, பெரிதும் கைகொடுத்தவை பழைய பத்திரிகைத் துண்டுகளே. மூத்த அக்கா ஒருவர் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்த பரிசளிப்பு விழாச் செய்தியில் திகதி இருந்தது. பிரதம விருந்தினர் பெயர் இருந்தது. பரிசு பெற்றோர் பட்டியலும் இருந்தது. அண்மைக்கால விழாக்களைத் தேடியபோது நிலைமை வேறு. இணையத்தில் வந்த செய்திகள் பலவற்றின் இணைப்புகள் திறக்கவேயில்லை. அறுபது ஆண்டுக்கு முந்தியது கையில் இருக்க, ஆறு ஆண்டுக்கு முந்தியது காணாமற் போனது ஏன்? அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

யாழ்ப்பாணத்துக்குப் பத்திரிகை புதிதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1841இல் ‘உதயதாரகை’யைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டனர். சைவ பரிபாலன சபையின் ‘இந்து சாதனம்’ 1889இல் வந்தது. 1930இல் நா. பொன்னையா அவர்கள் ‘ஈழகேசரி’யைத் தொடங்கினார். அதே ஆண்டில் கொழும்பில் ‘வீரகேசரி’யும், 1932இல் ‘தினகரன்’உம் தோன்றின. 1959இல் யாழ்ப்பாணத்திலேயே ‘ஈழநாடு’ பிறந்தது. கொழும்புப் பத்திரிகைகள் வந்துசேரும்வரை காத்திராமல், எமது ஊர்ச் செய்தியை எமது ஊரிலேயே அச்சிட்டுப் படிக்க அதனால் முடிந்தது.

அக்காலத்தில் எல்லா வீடுகளிலும் பத்திரிகை வாங்குவதில்லை. சனசமூக நிலைய வாசிகசாலைதான் பலருக்கும் பத்திரிகை. ஒரே பிரதியைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். பெண்பிள்ளைகள் அங்கே போய் இருந்து படிப்பது அருமை. அப்பாவோ அண்ணாவோ படித்துவந்து சொன்னதுதான் எங்களுக்குச் செய்தி. எங்களிற் பலர் பத்திரிகையை முதன்முதலில் கையில் எடுத்து விரித்தது பாடசாலை நூலகத்தில்தான். இன்று பேத்தி தன் கைப்பேசியில் யாரையும் கேளாமல் உலகச் செய்தி படிக்கிறாள். இணையம் தந்த இந்த விடுதலையைக் குறைத்துச் சொல்லலாகாது.

அச்சுக்கும் ஆபத்துகள் குறைவாக இருக்கவில்லை. 1981 மே இறுதியிலும் யூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நாட்களிலேயே ‘ஈழநாடு’ பணிமனையும் எரிக்கப்பட்டது. 1987 ஒக்ரோபரில் ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ ஆகியவற்றின் அச்சகங்கள் இந்தியப் படையினரால் தகர்க்கப்பட்டன. 1985இல் தொடங்கிய ‘உதயன்’, தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் அச்சுத்தாள் இல்லாமல் அப்பியாசக் கொப்பித் தாளிலும் வெளிவந்தது. மின்சாரமும் இல்லாத அந்நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும், கோடு போட்ட தாளில் செய்தி படித்ததும் எம் தலைமுறைக்கு மறக்காது. 2006 மே 2ஆம் திகதி, உலக பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல்நாள், ‘உதயன்’ பணிமனைக்குள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைச் சுட்டுக்கொன்றனர். காலையில் படலையடிக்கு வந்த பத்திரிகையின் விலை காசு மட்டுமன்று.

இதற்கிடையில் 1997இல் ‘தமிழ்நெற்’ இணையத்தளம் தொடங்கியது. ஊரை விட்டுப் போனவர்கள் கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்த நிலை மாறியது. 2007இல் அத்தளம் இலங்கைக்குள் தடுக்கப்பட்டபோது, கொக்குவிலில் திறக்க முடியாத பக்கத்தை ரொறன்ரோவில் இருந்த தோழி திறந்து படித்தாள். பத்திரிகையை எரிக்கலாம், இணையத்தைத் தடுக்கலாம். ஆனால் எரித்த பத்திரிகையின் இன்னொரு பிரதி யாரோ ஒருவர் வீட்டில் இருந்தது. தடுத்த பக்கமும் வேறொரு நாட்டில் திறந்தது. இரண்டையும் காப்பாற்றியது, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருந்தமையே.

வேகத்தில் இணையத்தை அச்சு வெல்லாது. லண்டனில் ஒருவர் காலமானால் கொக்குவிலில் உள்ள உறவினர் சில நிமிடங்களில் மரண அறிவித்தலைப் பார்க்கிறார். முன்பு அது பத்திரிகையில் வந்து சேரும்போது எட்டுச் செலவே முடிந்திருக்கும். ஆயினும் அச்சில் வந்தது வந்ததுதான். பிழையென்றால் மறுநாள் திருத்தம் போடவேண்டும். பிழையும் திருத்தமும் இரண்டுமே பிற்காலத்தவர் கண்ணுக்குக் கிடைக்கும். இணையத்திலோ காலையில் இருந்த தலைப்பு மாலையில் மாறியிருக்கும்; மாறியதென்ற அடையாளமும் பலவேளை இராது. தளத்துக்குப் பணம் கட்டுவது நின்றால் அத்தனை ஆண்டுச் செய்தியும் ஒரே நாளில் மறையும்.

எனவே எது சிறந்தது என்று வாதிடுவதை விட, எதை எப்படிப் பேணுவது என்று சிந்திப்பதே எமக்குப் பொருத்தம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம், பழைய ஈழத்துப் பத்திரிகைகளையும் மலர்களையும் வருடி இணையத்தில் வைத்து வருகிறது. பழைய தாளுக்கு இணையமே காவலாயிற்று. அதேபோல இன்றைய இணையச் செய்திக்குத் தாளும் காவலாகலாம்.

உலகெங்கும் வாழும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டிகளில் பாடசாலை பற்றிய பத்திரிகைத் துண்டு இருந்தால், எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி என்று பின்புறம் பென்சிலால் எழுதி, படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். இணையத்தில் எம்மைப் பற்றி வரும் செய்தியை ஒரு பிரதி அச்செடுத்துக் கோப்பில் இடுங்கள். இருநூறாவது ஆண்டு மலரைத் தொகுக்கப்போகும் பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. அவர்கள் தேடும்போது எங்கள் காலம் வெறுமையாக இருக்கக்கூடாது.