நிறுத்தி வைத்த நேரம் – 9: பேருந்து நிலையத்தில் வேட்டுச் சத்தம்

சட்டை முழுக்க மண். மட்டையைக் கையில் பிடித்தபடி, ஒரு காலைத் தூக்கி வைத்த நிலையில் கௌதம் கம்பீர் அப்படியே நிற்கிறார்.

சென்ற வாரம் அவரை அங்கேதான் விட்டோம். 2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை இரவு. மும்பை வான்கடே மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கீரனூரில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர். கம்பீர் 97-ல் போய்விட்டார். ஸ்கோர் 4 விக்கெட்டுக்கு 223, இன்னும் 52 ரன் வேண்டும். "போச்சு, எல்லாம் போச்சு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெரியப்பா கொல்லைப் பக்கம் போனார். கிணற்றுத் திட்டில் போய் உட்கார்ந்தால் சுலபத்தில் எழுந்து வர மாட்டார்.

"அவரு வர்ற வரைக்கும் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கப்பா" என்று பெரியம்மா கேலியாகச் சொன்னார். அண்ணன் ரிமோட்டை எடுத்து ஒரு பட்டனை அமுக்கினான். ஆட்டம் நின்றது.

மும்பையில் யுவராஜ் சிங் களத்துக்குள் வந்துகொண்டிருந்தார். கீரனூரில் கம்பீர் வெளியே போகவே இல்லை. சரி, அதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று பெரியம்மா தட்டு வைத்தார்.

இந்தக் கூடத்துக்கு அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று புரிய வேண்டுமானால், கதையைக் கொஞ்சம் பின்னால் சுற்ற வேண்டும்.

இதே வீட்டு மொட்டைமாடியில் 1980-களில் ஓர் ஆன்டெனா இருந்தது. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்த அலை கீரனூரை எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்கு முதலில் படம் காட்டியது இலங்கை. 1982 பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாகினி, அந்தத் தீவின் மிக உயரமான பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து ஒளிபரப்பியது. நேர்க்கோட்டில் நானூறு கிலோமீட்டருக்கு மேல். காற்று ஒத்துழைத்த இரவுகளில் படம் வரும். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார், கீழே ஒருவர் கத்துவார். "தெரியுதா?" "புள்ளி புள்ளியா தெரியுது." "இப்ப?" "இப்பதான் தெரிஞ்சுச்சு, கெடுத்துட்டியே!" அதே இலங்கையோடுதான் 2011 இறுதி ஆட்டம் என்பதை நினைத்துப் பார்க்க அன்றிரவு கூடத்தில் யாருக்கும் பொழுதில்லை.

அந்தக் காலத்தில் நேரம் நம் கையில் இல்லை. டிவிக்காரன் போடும்போது நாம் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒளியும்' பாட்டு நிகழ்ச்சி நேரத்தில் கரண்ட் போனால் போனதுதான். அடுத்த வெள்ளி வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

பிறகு டெக்கு வந்தது, கேசட் போட்டுப் படம் பார்க்கும் வீடியோ கருவி. வாடகைக்கு ஒரு கலர் டிவி, ஒரு டெக்கு, மூன்று கேசட். சடங்கு வீடோ, திருவிழாவோ, விடிய விடியப் படம். நடுவில் கோடு கோடாக வந்தால், வாடகைக்குக் கொண்டுவந்த பையன் மூடியைத் திறந்து, வெள்ளைத் துணியில் திரவத்தைத் தொட்டு 'ஹெட்டு' துடைப்பான். அந்த நேரத்தில் அவனுக்கு இருந்த மரியாதை மாப்பிள்ளைக்குக் கூட இருக்காது.

டெக்கிலும் பாஸ் பட்டன் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் அது கேசட்டில் ஏற்கெனவே இருக்கும் படத்தை நிறுத்தும். அதையும் சில நிமிடங்களுக்குத்தான். நாடா நின்றாலும் உள்ளே இருக்கும் உருளை நொடிக்கு 25 சுற்று சுற்றிக்கொண்டே ஒரே இடத்தைத் தேய்க்கும். நாடா பிய்ந்துவிடக் கூடாது என்று கருவியே தானாக நிறுத்திக்கொள்ளும். அதைவிடப் பெரிய சிக்கல், டெக்கு பதிவு செய்துகொண்டிருக்கும்போது அதே நாடாவைப் பின்னால் சுற்றிப் பார்க்க முடியாது. ஒரு நேரத்தில் எழுதும், அல்லது படிக்கும். இரண்டும் சேர்ந்து நடக்காது.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஹார்ட் டிஸ்க். அதன் முள்ளுக்குத் தாவத் தெரியும். இப்போது வரும் படத்தை ஓரிடத்தில் எழுதிவிட்டு, கண் இமைப்பதற்குள் வேறிடத்துக்குத் தாவி, பத்து நிமிடம் முன்பு எழுதியதைப் படித்துக் கொடுத்துவிட்டு, மறுபடி எழுதப் போய்விடும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதாகத் தோன்றும். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்திலிருந்து வெளியே வந்த ஜிம் பார்ட்டன், மைக் ராம்சே இருவரும் இதை வைத்து டிவோ என்ற பெட்டியைச் செய்தார்கள். ஆன்டனி வுட் என்பவர் ரீப்ளே டிவி என்று இன்னொன்றைச் செய்தார். 1999-ல் இரண்டும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. இந்த வித்தைக்கு டிவோ வாங்கிய காப்புரிமையை வைத்து நடந்த வழக்கு, எங்கள் ஆட்டம் முடிந்த அடுத்த மாதம் 50 கோடி டாலரில் சமாதானமானது. அந்தச் சண்டைக்குத் தனியாக ஓர் அத்தியாயம் வேண்டும், பிறகு வருகிறேன். இந்தியாவில் 2008-ல் டாடா ஸ்கை பிளஸ் இதே வசதியோடு வந்தது. அண்ணன் அந்த வகைப் பெட்டி ஒன்றைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி, ஆட்டத்துக்கு முந்தின வாரம்தான் ஊருக்குக் கொண்டுவந்திருந்தான்.

பெட்டிக்குள் நடப்பது எங்கள் குளத்தூர் தாலுகாக்காரர்களுக்குப் புதிதல்ல. கண்மாய்தான் அது. வரத்து வாய்க்காலில் தண்ணீர் ஓயாமல் வருகிறது. மடையை எப்போது திறப்பது என்பது உங்கள் இஷ்டம். நிரம்பிவிட்டால் கலிங்கு வழியாக மிச்சம் வெளியேறுகிறது. பழைய டிவோவில் இப்படி அரை மணி நேரக் காட்சி தேங்கி நிற்கும். அதற்கு மேல் போனால் பழையது அழிந்து புதியது ஏறும்.

எல்லாம் சரி. கண்மாய்க்குக் கரை என்று ஒன்று உண்டே, அது எங்கே இருக்கிறது?

பன்னிரண்டு நிமிடம் கழித்துப் பெரியப்பா வந்தார். அண்ணன் பட்டனை அமுக்க, கம்பீர் தூக்கிய காலைக் கீழே வைத்து நடந்து போனார். யுவராஜ் வந்தார். தோனி ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்தார். கூடத்தில் சத்தமே இல்லை. எங்கள் திரையில் இன்னும் இருபதுக்கும் மேல் ரன் வேண்டியிருந்தபோது, பேருந்து நிலையத்துப் பக்கம் வேட்டு வெடித்தது.

ஒன்றல்ல, சரம் சரமாக. தெருவில் யாரோ விசிலடித்துக்கொண்டு சைக்கிளில் பறந்தார்.

"ஏன்டா, எதுக்கு வெடி போடுறானுவ?" பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. "பெரியப்பா, நம்ம பன்னெண்டு நிமிஷம் பின்னாடி இருக்கோம். அங்க முடிஞ்சிருச்சு. ஆனா கடைசி அடி இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. பேசாம பாருங்க, அது வந்துரும்."

உண்மைதான். குலசேகராவின் பந்தை தோனி தூக்கி அடித்த அந்த சிக்ஸர் ஏற்கெனவே எங்கள் கூடத்துக்கு வந்து, யாரும் பார்க்காமல் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

"ஜெயிச்சதா தோத்ததா, அதைச் சொல்லுடா மொதல்ல!"

"வெடி போடுறாங்கல்ல, பெரியப்பா!"

"தேர்தல் நேரம்டா. எந்தக் கட்சிக்காரன் எதுக்குப் போடுறானோ." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாக்குப்பதிவுக்குப் பதினோரு நாள்தான் பாக்கி. "நியூஸ்ல ஓடும், இரு."

ரிமோட் அவர் கைக்கு அருகில் கிடந்தது. கேபிள் வந்த நாளிலிருந்து விளம்பரத்துக்கு ஒரு சேனல், அலுப்புக்கு ஒரு சேனல் என்று மாற்றி மாற்றிப் பழகிய விரல். "வேணாம் பெரியப்பா!" என்று அண்ணன் பாய்வதற்குள் அமுக்கிவிட்டார்.

அந்தப் பெட்டியில் கரை அதுதான். சேனலை மாற்றினால் தேங்கியது முழுக்கப் போய்விடும், புதுச் சேனலுக்குப் புதிதாக நிரம்பத் தொடங்கும். செய்திச் சேனலில் 'இந்தியா உலக சாம்பியன்' என்று எழுத்து ஓடியது. அண்ணன் ரிமோட்டைப் பிடுங்கி ஆட்டத்துக்குத் திரும்பினான். திரையில் சச்சினைத் தோளில் தூக்கி வலம் வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் போகும் பட்டனை அமுக்கினான். ஓரடி கூட நகரவில்லை.

யாரும் பேசவில்லை. பெரியப்பா மட்டும் மெதுவாக, "நான் என்னடா செஞ்சேன்?" என்றார்.

அப்போதுதான் கடைக்குட்டி தங்கை பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"அண்ணே, இதுல சின்னதா ஒரு சிவப்பு லைட்டு எரியுதே. சாயங்காலத்துலேருந்து எரியுது. அது என்ன?"

(அடுத்த வாரம்...)