கண்டி என்னும் பெயரும் நுவர என்னும் நகரும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்தோடும் நகரத்தைத் தமிழர் கண்டி என்கின்றனர். அவ்வூர்ச் சிங்களவரோ மகாநுவர என்றும், பேச்சில் வெறுமனே நுவர என்றும் வழங்குகின்றனர். நுவர என்பது நகரம் என்னும் வடசொல்லின் சிங்கள வடிவமாதலால் மகாநுவர என்பதற்குப் பெருநகர் என்பதே பொருள். புகையிரத நிலையப் பெயர்ப்பலகையில் மும்மொழியிலும் பெயர் எழுதப்பட்டிருந்தாலும், சிங்கள வரி மகாநுவர என்கிறது. மற்ற இரு வரிகளும் கண்டி என்கின்றன.

கண்டி என்பது முதலில் ஊர்ப்பெயரே அன்று. சிங்களத்தில் கந்த என்றால் மலை, உட என்றால் மேல், ரட்ட என்றால் நாடு. மூன்றும் சேர்ந்த கந்த உடரட்ட, ‘மலைமேல் நாடு’ என்னும் பொருளில் மலைநாட்டு அரசுக்கு வழங்கிய பெயராகும். கரையோரத்தைப் பிடித்துக்கொண்டு மலைநாட்டை நிலையாகக் கைப்பற்ற முடியாமல் நின்ற போர்த்துக்கீசர், இத்தொடரின் தலைச்சொல்லை மட்டும் எடுத்துத் தம் நாவுக்கேற்ப கந்தியா எனத் திரித்து, அரசுக்கும் அதன் தலைநகருக்கும் ஒன்றாகவே சூட்டினர். 1660 முதல் 1679 வரை கண்டியரசில் சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில், இப்பெயர் கிறித்தவர் இட்டது என்றும், மலையைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்திருக்கலாம் என்றும், ஊரார் வழங்கும் பெயர்கள் வேறு என்றும் எழுதினார். மலை என்னும் பொதுப்பெயரைக் கேட்டுவிட்டு அதையே ஊரின் பெயராகக் கொண்ட அந்நியரின் பிழை, அக்காலத்திலேயே கண்டுகொள்ளப்பட்டிருந்தது என்பது இதனால் விளங்கும்.

தமிழ் வடிவத்தில்தான் சிக்கல் இருக்கிறது. சிங்களக் கந்த என்பதில் வருவது நாவைப் பல்லில் வைத்து ஒலிக்கும் தகரம். அது நேரே தமிழுக்கு வந்திருந்தால் கந்தை என்றோ கந்தம் என்றோ நின்றிருக்க வேண்டும். மாறாக நாவை மடித்து ஒலிக்கும் டகரமும், சிங்களச் சொல்லில் இல்லாத இகர ஈறும் இதில் காணப்படுகின்றன. ஆங்கிலச் சொற்களின் d ஒலியைத் தமிழர் டகரமாகவே செவிமடுப்பர் என்பதற்கு லண்டனும் டாக்டரும் சான்று. ஆகவே சொல் மலையிலிருந்து ஐரோப்பியர் வாய்க்குச் சென்று, அங்கிருந்து தமிழுக்குத் திரும்பியதாகக் கொள்வதே பொருந்தும். இன்னொரு காரணமும் துணைசெய்திருக்கலாம்: வேலியில் விட்ட இடைவெளிக்கும் மலைக்கணவாய்க்கும் கண்டி என்னும் பழஞ்சொல் தமிழில் உண்டு; கன்னடத்தில் கண்டி, தெலுங்கில் கண்டிக்கோட்டை என்னும் மலையிடுக்குக் கோட்டையின் பெயரில் நிற்கும் சொல் ஆகியவை அதன் உறவுகள். பலனை, கடுகண்ணாவை போன்ற கணவாய்களின் வழியே புகவேண்டிய நாட்டுக்கு அச்சொல் தற்செயலாகவே பொருந்திப்போயிற்று. இதைக்கொண்டு ஊர்ப்பெயரைத் தூய தமிழென நாட்டுவது ஆசையேயன்றி ஆராய்ச்சியாகாது.

நகரின் சொந்தப் பெயர் செங்கடகல. குகையில் வாழ்ந்த செங்கண்ட என்னும் அந்தணன் பெயரால் வந்தது என்பது வழிவழிக் கதைகளுள் ஒன்று. 14ஆம் நூற்றாண்டில் கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு இவ்வூரை நிறுவினான் என்பர். 1592இல் அரியணை ஏறிய முதலாம் விமலதர்மசூரியன் புத்தரின் புனிதப் பல்லை இங்குக் கொணர்ந்தபின் ஊரின் தகுதி உயர்ந்தது. அப்பல்லைக் காக்கும் கட்டடத்தைச் சிங்களவர் தலதா மாளிகாவ என்கையில், மாளிகை என்னும் தமிழ்ச்சொல்லையே அவர்கள் ஆள்கின்றனர். மாளிகையின் முன் விரியும் ஏரியைக் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயல்நிலத்தில் அமைத்தான். அதன் பெயரான கிரி முகுத என்பதற்குப் பாற்கடல் என்று பொருள். ஆடி ஆவணியில் நடக்கும் ஏசல பெரஹராவில், நாதர், விட்டுணு, கதிர்காமக் கந்தன் ஆகியோரின் தேவாலயங்களோடு பத்தினி தேவாலயத்தின் ஊர்வலமும் செல்கிறது, அப்பத்தினி கண்ணகியே.

கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தென்னாட்டிலிருந்து வந்த நாயக்கர் மரபினன். 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். வேலூர்க் கோட்டைக்குள் இன்றும் ஒரு கட்டடம் கண்டி மகால் எனப்படுவதால், அரசன் போன இடத்திற்கு ஊரின் பெயரும் போயிருக்கிறது.

அரசு அழிந்தபின் சொல் சுருங்கியிருக்க வேண்டும். தமிழில் அது பருத்தது. 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கு, தமிழகத்திலிருந்து கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த தொழிலாளர், தாம் போய்ச்சேர்ந்த மலைப்பரப்பு முழுவதையும் கண்டிச் சீமை என்றனர். எல்லை எனப் பொருள்படும் சீமா என்னும் வடசொல்லிலிருந்து வந்த சீமை, முதலில் ஓர் ஆட்சிப்பகுதியையும் பின்னர் அயல்நாட்டையும் குறித்தது. சிவகங்கைச் சீமையிலிருந்து கண்டிச் சீமைக்குப் புறப்பட்டவரின் வாயில் அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே நின்றன. அட்டன், நுவரெலியா, பதுளை எல்லாமே அவர்களுக்குக் கண்டிதான். 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழிக்க, ஏவாகெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்டிருந்த தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. பயிர் மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. துரைமார் வாயில் சிதையாமல், தொழிலாளர் வாயில் விரிந்த இவ்வழக்கே, சொல்லின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி.

கண்டியின் அக்கம்பக்கத்து ஊர்ப்பெயர்கள் சிலவும் தமிழ் நாவில் உருமாறியவையே. கொய்யாவைக் குறிக்கும் பேர, சமவெளியைக் குறிக்கும் தெனிய என்பன சேர்ந்ததாகச் சொல்லப்படும் பேராதெனிய, பேராதனையாகிவிட்டது. அங்குள்ள பூங்காவுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இதுவே பெயர்.

20ஆம் நூற்றாண்டில் தோட்டத் தமிழர் தம் நிலத்துக்கு மலையகம் என்னும் பெயரை ஏற்றபோது, கண்டிச் சீமை பாட்டிலும் பழைய கதையிலும் ஒதுங்கியது. ஆங்கில அடையின் வழிவந்த கண்டிய என்னும் வடிவம் கண்டிய நடனம், கண்டியச் சட்டம் என்று சிங்கள மரபுக்கு ஒதுக்கப்பட, கண்டி என்பது நகரத்தையும் மாவட்டத்தையும் மட்டுமே குறிக்கலாயிற்று. கடல் தாண்டிவந்த முன்னோர் ‘கண்டிக்குப் போறோம்’ என்றபோது தோட்டத்துக்குப் போவதாகப் பொருள். இன்று அட்டனில் பேருந்து ஏறும் அவர்களின் பேரப்பிள்ளைகள் அதையே சொல்லும்போது தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போவதாகப் பொருள்.